கல்வேலிகளும் குதிரைகளும்: நெடுந்தீவில் ஒரு நாள்

விடுமுறை வந்தால் எங்கே போவது என்ற கேள்விக்கு எமது வீடுகளில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. வடக்கில் இருப்பவர்கள் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் புறப்படுவார்கள். மலையகத்திலும் கொழும்பிலும் இருப்பவர்கள் வான் பிடித்து யாழ்ப்பாணம் வந்து, நல்லூர், கோட்டை, கீரிமலை, நயினாதீவு என்று ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு இரவோடிரவாகத் திரும்புவார்கள். இந்தப் பயணங்களில் வீட்டுப் பெண்ணின் பங்கு என்ன? விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து பிட்டு அவித்துக் கட்டுவது, வானுக்குள் சத்தி எடுக்கும் பிள்ளைக்குப் பை பிடிப்பது, போன இடத்தில் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவுவது. சுற்றுலாவிலும் சமையலறை எங்களோடு கூடவே வருகிறது. திரும்பி வந்த பின் 'என்ன பார்த்தாய்?' என்று கேட்டால் அவளுக்குச் சொல்ல அதிகம் இருப்பதில்லை.

இந்தக் கதையை எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான், நாங்கள் பெண்கள் மட்டும் ஒரு நாள் எங்காவது போய்வந்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. நானும், உடன் வேலை செய்யும் இருவரும், என் மச்சாளும், உயர்தரம் படிக்கும் அவளுடைய மகளுமாக ஐந்து பேர் சேர்ந்தோம். "பொம்பிளையள் தனியவோ? அதுவும் கடல் தாண்டியோ?" என்று மச்சாளின் வீட்டில் கேட்டார்களாம். "அங்கை படிப்பிக்கிற ரீச்சர்மார் கிழமைக்குக் கிழமை கடல் தாண்டித்தானே போய் வருகினம், அவையளை ஒருத்தரும் மறிக்கேல்லையே" என்று அவள் பதில் சொன்னாளாம். அந்தப் பதிலுக்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

நாங்கள் தெரிவு செய்த இடம் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே நெடுந்தீவை ஒருமுறையேனும் பார்க்காதவர்கள் ஏராளம். யாழ் குடாநாட்டைச் சூழ்ந்த தீவுகளில் பெரியவற்றுள் தரைவழித் தொடர்பு இல்லாமல் கடலுக்குள் மிகத் தள்ளி இருப்பது இதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை. பிறகு இரு பக்கமும் கடல் தழும்பும் வாணர் பாலத்தால் புங்குடுதீவு. அதன் முடிவில் குறிகட்டுவான் இறங்குதுறை. காலைக் காற்றில் பஸ்ஸின் யன்னலோரம் இருந்து இந்தப் பாதையைப் பார்ப்பதே தனிச் சுகம். பாழடைந்த கல்வீடுகள், அவற்றுக்கு நடுவே வெளிநாட்டுப் பணத்தில் புதிதாக எழுந்த கோபுரங்கள், ஆளில்லாத வளவுகளில் மேயும் மாடுகள் என்று தீவகத்தின் இடப்பெயர்வுக் கதை முழுவதும் வழிநெடுகத் தெரியும்.

குறிகட்டுவானில் கூட்டம் இரண்டாகப் பிரியும். பூத்தட்டும் கைக்குழந்தையுமாக வருகிறவர்களும், வெள்ளை உடுத்து வருகிறவர்களும் நயினாதீவுப் படகுக்குப் போவார்கள். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அங்கே இருப்பதால் அந்தப் பக்கம் எப்போதும் சனநெரிசல்தான். நெடுந்தீவுப் படகின் பக்கம் நிற்பவர்கள் வேறு விதமானவர்கள். கோப்புகளோடு உத்தியோகத்தர்கள், புத்தகப் பையோடு ஆசிரியைகள், அரிசி மூட்டை, சமையல் எரிவாயுச் சிலிண்டர், கோழித்தீன், ஒரு மோட்டார் சைக்கிள், வைத்தியசாலையில் கிளினிக் காட்டிவிட்டுத் திரும்பும் ஒரு கிழவர். சுற்றுலாப் பயணிகள் என்று பார்த்தால் அன்று நாங்களும் இன்னும் ஒரு குடும்பமும்தான்.

படகுப் பயணம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். உள்ளே பலகை ஆசனம், இயந்திரத்தின் டீசல் மணம். கடற்பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல்நாளே மருந்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. காலையில் வெறும் வயிற்றோடு ஏறுவதும் கூடாது, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் கூடாது. எங்களோடு வந்த ஆசிரியை ஒருவர் ஏறியவுடனேயே கண்ணை மூடிக்கொண்டார். 'இது எங்களுக்கு ஒரு பாடவேளை மாதிரி' என்று சிரித்தார்.

நெடுந்தீவுப் படகைப் பற்றி எழுதும்போது குமுதினியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. தலைமுறைகளாக இந்தத் தீவின் உயிர்நாடியாக ஓடிய படகு அது. 1985 மே 15 ஆம் திகதி குறிகட்டுவானை நோக்கி வந்துகொண்டிருந்த அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிலிருந்த இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். கடற்படையினரே இதைச் செய்ததாக உயிர் தப்பியவர்கள் கூறியதைச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. ஆண்டுதோறும் மே 15 இல் தீவு மக்கள் நினைவுகூருகிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்ற உற்சாகத்தில் இருக்கும் மச்சாளின் மகளுக்கு இதைச் சொல்வதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் தானாகவே அவளிடம் சொல்லிவிட்டார். அவள் அதன்பின் வெகுநேரம் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாவிலித்துறையில் இறங்கினோம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தத் தீவு தனிப் பிரதேச செயலர் பிரிவாக இருக்கிறது. ஆறு கிராம அலுவலர் பிரிவுகள். கச்சதீவும் நிர்வாக ரீதியில் இதற்குள்தான் அடங்குகிறது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கே வாழ்ந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. முன்னர் இதைவிடப் பல மடங்கு சனம் இருந்தது. நிலம் தேடிக் கிளிநொச்சிக்கும் வன்னிக்கும் போனவர்கள் ஒரு பகுதி, யுத்தத்தில் சிதறியவர்கள் மறு பகுதி. தனிநாயகம் அடிகளின் தந்தை வழியும் இத்தீவுதான். போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு என்று அழைத்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்களின் பெயர்களையெல்லாம் எங்கள் தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணைக்கு லைடன், காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம், அனலைதீவுக்கு றொட்டர்டாம். அவை எல்லாம் மறந்து போயின. நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்ஃப்ற்' மட்டும் இன்றுவரை ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இறங்குதுறையில் ஓட்டோக்களும் பிக்கப் வாகனங்களும் நிற்கும். பேரம் பேசி நாள் முழுவதற்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்வதே வசதி. தீவு நீளமானது, நிழல் குறைவு, நடந்து பார்க்க முடியாது. எங்களுக்கு வாய்த்த ஓட்டோச் சாரதி எங்கள் வயதுக்காரர். "அக்கா, எல்லா இடமும் காட்டுவன், ஆனா குதிரையைத் துரத்தச் சொல்லிக் கேக்கக்கூடாது" என்று முதலிலேயே நிபந்தனை போட்டார். அவரை எங்களுக்கு உடனே பிடித்துப்போயிற்று.

தீவுக்குள் நுழைந்ததும் கண்ணைப் பறிப்பவை வேலிகள். யாழ்ப்பாணத்தின் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இங்கே இல்லை. எல்லாம் கல்வேலி. நிலத்தைக் கிண்டினால் வரும் முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சீமெந்தும் இல்லாமல் சுண்ணாம்பும் இல்லாமல் நெஞ்சளவு உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்று ஊடுருவும். அதனால்தானோ என்னவோ கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் அவை விழுவதில்லை. ஒரு கல் சரிந்தால் வீட்டுக்காரர் போகிற போக்கில் எடுத்து வைத்துவிட்டுப் போவார். வெயிலிலும் மழையிலும் கறுத்துப்போன அந்தக் கற்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், பூப்போன்ற பவளத்தின் அச்சு அப்படியே தெரிகிறது. ஒருகாலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தவை இப்போது ஒருவருடைய கோழிகளுக்குக் காவல் நிற்கின்றன. படம் எடுப்பதற்காக இந்த வேலிகளில் ஏறி நிற்பவர்களைப் பற்றிச் சாரதி சொன்னவற்றை இங்கே எழுத முடியாது!

ஆனால் என் மனதில் அதிகம் நின்றது வேலியும் அல்ல, குதிரையும் அல்ல, கிணறுகள்தான். முருகைக்கல் நிலத்தில் மழை விழுந்தால் நிலத்தடியில் இறங்கி, உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக நன்னீர் தங்கும். அளவாக அள்ளினால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு அள்ளினால் உப்பு ஏறிவிடும். தீவின் பெரும்பாலான கிணறுகள் உவர்தான். தெற்கே சாறாப்பிட்டிப் பக்கத்தில் கடற்கரைக்கு மிகக் கிட்ட, பழைய காலத்துக் கிணறுகள் வரிசையாக இருக்கின்றன. சோழர் காலத்தவை என்று ஊரில் சொல்லுகிறார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தால் இனிக்கிறது.

கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளி ஆடுகளோடு நின்ற ஓர் ஆச்சி எங்களைக் கண்டு பேச வந்தார். எண்பது வயதுக்குக் கிட்ட இருக்கும்.

"எங்கை இருந்து வாறியள் பிள்ளையள்? ஆம்பிளையள் வரேல்லையோ?"

"இல்லை ஆச்சி, நாங்கள் தனியத்தான்."

"அதுவும் நல்லதுதான்" என்று சிரித்தார். அந்தக் காலத்தில் இங்கிருந்தா தண்ணீர் அள்ளினீர்கள் என்று கேட்டேன்.

"பின்னை? விடியமுதல் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. இடுப்பிலை ஒரு குடம், தலையிலை ஒரு குடம். எனக்குக் கலியாணம் பேசேக்கை எங்கடை அம்மா சீதனத்தைப் பற்றிக் கதைக்கேல்லை பிள்ளை. மாப்பிளை வீட்டுக்கும் நல்ல தண்ணிக் கிணத்துக்கும் எவ்வளவு தூரம் எண்டுதான் கேட்டவ."

"எவ்வளவு தூரம் ஆச்சி?"

"பொய் சொல்லிப்போட்டாங்கள்" என்று சொல்லிவிட்டு ஆட்டை விரட்டிக்கொண்டு போனார். நாங்கள் ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிந்தபின் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. வாழ்நாளில் அந்த ஆச்சி எத்தனை குடம் சுமந்திருப்பார் என்று மச்சாளின் மகள் கைத்தொலைபேசியில் கணக்குப் போடத் தொடங்கினாள். ஆயிரக்கணக்கில் வந்தது. இப்போது உவர்நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் நிலையமும் பவுசர் விநியோகமும் வந்திருப்பதால் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. என்றாலும் வறட்சி கடுமையான ஆண்டுகளில், ஆனி, ஆடி மாதங்களில் தண்ணீர்க் கான்களோடு வரிசையில் நிற்பவர்கள் இன்றும் பெண்கள்தான்.

குதிரைகள் தீவின் தெற்குப் பக்கத்து வெளியில் மேய்கின்றன. யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் இங்கே குதிரை வளர்த்தார்கள். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி இதற்குப் பொறுப்பாக இருந்தார். அதன்பின் வளர்ப்பு கைவிடப்பட, குதிரைகள் காட்டுக் குதிரைகளாகிவிட்டன. பழைய லாயத்தின் கல்தூண்களும் தண்ணீர்த் தொட்டிகளும் இன்னும் அங்கே நிற்கின்றன. எங்கள் கடலுக்குக் குதிரை புதிதல்ல. 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உரியவனுக்கு என்று அதில் விதி இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்னரே இந்தப் பக்கமாகக் குதிரைக் கப்பல்கள் வந்து போயிருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நாங்கள் போனது மாசி மாதக் கடைசி. மழைநீர் தேங்கிய குளங்களைச் சுற்றிப் பச்சைப் புல். சாரதி ஓட்டோவை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டார். பத்துப் பதினைந்து குதிரைகள் ஒரு கூட்டமாக நின்றன. படங்களில் வரும் பளபளக்கும் குதிரைகள் அல்ல இவை. சிறியவை, மண்ணிறம், விலா எலும்பு தெரிகிறவை சில. ஒரு தாய்க்குதிரை குட்டியைத் தனக்கும் எங்களுக்கும் நடுவில் வரவிடாமல் மறைத்துக்கொண்டே மேய்ந்தது. கோடையில் குளங்கள் வற்றியதும் இவை தண்ணீருக்காக ஊர்மனைப் பக்கம் வருமாம். கடும் வறட்சியில் பல இறந்தும் போகின்றன. தாங்களே தண்ணீருக்குக் கஷ்டப்படுகிற மக்கள் தொட்டிகளில் இவற்றுக்கும் ஊற்றி வைப்பார்களாம். 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தால் போதுமா, குளத்தைத் தூர்வார வேண்டாமா என்று சாரதி கேட்டார். நியாயமான கேள்விதான்.

கோட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முருகைக்கல்லால் கட்டப்பட்ட இரண்டு தட்டு மாளிகை போன்றது, இப்போது சுவர்கள் மட்டும். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சிறியதாகத் தெரியும். எனக்குப் பிடித்தது ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு. ஒரு தூணின் மேல் பெட்டி பெட்டியாகத் துவாரங்கள் வைத்துக் கட்டப்பட்டது. தபாற் புறாக்களை வைத்துத் தரையோடு செய்தி பரிமாறினார்களாம். இன்று கைத்தொலைபேசிச் சமிக்ஞை விட்டு விட்டு வரும் அந்தத் தீவில், அந்தக் கூட்டைப் பார்த்து எங்களில் ஒருத்தி 'அந்தப் புறாக்களாவது ஒழுங்காப் போய்ச் சேர்ந்திருக்கும்' என்றாள்.

வெடியரசன் கோட்டை என்று மக்கள் அழைக்கும் இடம் மேற்குப் பக்கமாக இருக்கிறது. கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். வட்டமாக அடுக்கிய முருகைக்கல் அத்திவாரங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. தொல்பொருள் திணைக்களம் இவற்றைப் பழைய பௌத்த தூபிகளின் எச்சங்கள் என அடையாளப்படுத்துகிறது. ஊர் மக்களுக்கு அது வெடியரசன் ஆண்ட இடம். கிழக்கு மாகாணத்து அம்மன் கோயில்களில் வைகாசியில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையில் இந்த வெடியரசன் வருகிறான். கண்ணகியின் காற்சிலம்புக்கு நாகமணி தேடிக் கடல் கடந்து வந்த மீகாமனை வழிமறித்துப் போரிட்டவன் அவன். ஒரு பெண்பிள்ளையின் சிலம்புக்காக இரண்டு கடற்படைகள் மோதிய கதை! அறிவித்தல் பலகையில் இந்தக் கதையும் ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். தூபிகள் என்பதற்காகத் தமிழர் அந்தரப்படவும் தேவையில்லை. மணிமேகலையைத் தந்த மொழி எங்களுடையது. தமிழரிடையேயும் பௌத்தம் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. ஒரே கல்லுக்கு இரண்டு கதைகள் இருப்பதில் என்ன குறை?

பெருக்கமரத்தைப் பார்க்காமல் வரக்கூடாது என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆபிரிக்காவுக்கு உரிய இந்த மரத்தை அராபிய வணிகர்கள் ஒட்டகத் தீனுக்காகக் கொண்டுவந்து நட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. மன்னார் பள்ளிமுனையிலும் ஒரு பெரிய மரம் உண்டு. நெடுந்தீவு மரத்தின் விசேடம், அடிமரத்தில் உள்ள பொந்துக்குள் ஆட்கள் குனிந்து நுழைந்து நிற்கலாம் என்பது. நாங்கள் ஐந்து பேரும் உள்ளே போனோம். குளிர்ச்சியாக, கோயில் மூலத்தானம் போல இருந்தது. மரத்தின் தோல் எங்கும் யார் யாரோ தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கத்தியால் கீறி வைத்திருக்கிறார்கள். நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும் ஒரு மரத்தில் தன் பெயரை வெட்டுகிற துணிவு மனிதனுக்கு எப்படித்தான் வருகிறதோ! பக்கத்து ஊரில் 'வளரும் கல்' ஒன்றும் இருக்கிறது. ஆண்டுக்காண்டு உயர்கிறது என்று நம்பி மக்கள் பூவைத்துக் கும்பிடுகிறார்கள்.

மதியச் சாப்பாட்டை எங்களுக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் மூலம் முதல்நாளே ஒரு வீட்டில் சொல்லி வைத்திருந்தோம். இதுதான் அன்றைய நாளில் நாங்கள் செய்த மிக நல்ல காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன். புழுங்கலரிசிச் சோறு, விளைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலைச் சுண்டல், மோர்மிளகாய், பிறகு தயிரும் பனங்கட்டியும். நாங்கள் அரிவாள்மனையைத் தொடவில்லை. சட்டி கழுவவில்லை. திண்ணையில் பாய் விரித்து இருந்து சாப்பிட்டோம். மச்சாள் இரண்டு தரம் எழும்பி உதவி செய்யப் போனாள். பழக்கதோஷம்! "இருங்கோ அக்கா, நீங்கள் காசு குடுத்துச் சாப்பிடுறியள்" என்று வீட்டுக்காரி பிடித்து இருத்திவிட்டார்.

அந்தத் தங்கைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள். கணவர் கடற்றொழில். இந்திய இழுவைப் படகுகள் வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போவதால் தொழில் விழுந்த நாட்களில், வருகிறவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் இந்த வருமானம்தான் வீட்டைத் தாங்குகிறது என்றார். 2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் நின்றபோது தங்கள் தீவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். படகுக்கும் டீசல், மின்சாரத்துக்கும் டீசல். தீவுக்கு மின்சாரம் மின்பிறப்பாக்கியில்தான் தயாரானது. சூரிய ஒளியையும் காற்றையும் இணைத்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் மின்சாரம் தரும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 இல் ஒப்பந்தம் கைச்சாத்தானதை அவர் பெரிய நம்பிக்கையோடு பேசினார்.

பேச்சு மெல்லப் பிள்ளைப்பேற்றுக்கு வந்தது. பெண்கள் கூடினால் அங்கேதானே வரும். தீவில் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் சத்திரசிகிச்சை வேண்டுமென்றால் யாழ்ப்பாணம்தான். ஆகவே நாள் கிட்டியதும் தாய்மார் முன்கூட்டியே கரைக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கிவிடுவார்கள்.

"மூத்தவனுக்கு அப்பிடிப் போய் ஒரு மாசம் நிண்டனான். சின்னவளுக்கு நாள் கிடக்குது எண்டு நிண்டுட்டன். ராத்திரி வலி வந்திட்டுது. சோளகக் காத்து. நேவிக்காரரின்ரை படகிலைதான் கொண்டு போனவை. ஒரு பக்கம் வலி, மற்றப் பக்கம் அலை. என்ரை அம்மா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு குமுதினிலை செத்துப்போன தன்ரை தமக்கையின்ரை பேரைச் சொல்லி, காப்பாத்து காப்பாத்து எண்டு கும்பிட்டுக்கொண்டு வந்தவ."

சின்னவள் அப்போது தாயின் தோளில் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கரைக்குப் போய்க் குடியேறும் எண்ணம் இல்லையா என்று என்னோடு வந்தவள் கேட்டாள். "எல்லாரும் போனா வேலியை ஆர் அடுக்கிறது?" என்றார் அவர். பிறகு, பிள்ளைகள் உயர்தரம் வந்தால் போகத்தான் வேண்டியிருக்கும் என்றும் மெதுவாகச் சொன்னார். மச்சாளின் மகள் தன் தொலைபேசி இலக்கத்தை அவரிடம் எழுதிக் கொடுத்தாள், பழைய வினாத்தாள்கள் அனுப்பி வைப்பதாக.

அவர் ஒன்றைக் குறை சொன்னார். அதை இங்கே எழுதவே வேண்டும். விடுமுறை நாட்களில் கூட்டமாக வருகிறவர்கள் சாப்பாட்டையும் தண்ணீரையும் கரையிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறார்கள். தீவில் ஒரு தேநீர் கூடக் குடிப்பதில்லை. போகும்போது வெறும் போத்தலையும் சாப்பாட்டுத் தாளையும் மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள். மாடும் குதிரையும் அந்தப் பைகளைத் தின்கின்றன. ஐம்பது பேர் வந்துபோன நாளில் ஐந்து ரூபாய் வருமானம் இல்லாத தீவு எதற்காக விருந்தாளியை வரவேற்க வேண்டும்? சிக்கனம் நல்லதுதான். ஆனால் மூன்று மணிக்கு எழுந்து பிட்டு அவிப்பதை ஒரு நாள் நிறுத்தினால், எங்களுக்கும் ஆறுதல், அங்கே ஓர் அடுப்புக்கும் வருமானம். இது எனக்கு மிக எளிய கணக்காகத் தெரிகிறது.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில விடயங்கள். மாசி, பங்குனி மாதங்கள் மிகப் பொருத்தமானவை. குளங்களில் தண்ணீர் இருக்கும், கடலும் அமைதியாக இருக்கும். வைகாசிக்குப் பின் சோளகம் எழும்பினால் படகு நன்றாக ஆடும், சில நாட்களில் சேவையும் நடக்காது. கச்சதீவு அந்தோனியார் திருவிழா மாசி, பங்குனியில் வரும். அந்த நாட்களில் படகுகளில் யாத்திரிகர் நெரிசல் இருக்கும், திகதியைப் பார்த்துப் புறப்படுங்கள். படகு நேரங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் முதல்நாளே விசாரித்துக்கொள்ளவேண்டும், முக்கியமாக மாலையில் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை. குடை, தொப்பி, தட்டையான செருப்பு அவசியம். சேலையை விடச் சுரிதார் படகில் ஏறி இறங்க வசதி. மலசலகூடம்தான் பெண்களுக்குப் பெரிய பிரச்சினை. பார்க்கும் இடங்களில் வசதி கிடையாது. சாப்பாடு சொல்லி வைத்த வீட்டிலேயே அதற்கும் ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்பது அந்த வீட்டைத் தெரிவு செய்வதற்கு இன்னொரு காரணம். அங்கே தண்ணீரை வாளிக்கணக்கில் ஊற்றாதீர்கள். அது எப்படி அந்த வாளிக்கு வந்தது என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

வீட்டுக்காரியிடம் பனையோலைப் பெட்டி ஆளுக்கொன்று வாங்கினோம். சாயமிடாத ஓலையில், மூடியோடு, இறுக்கமாகப் பின்னியது. இரண்டு நாளில் ஒரு பெட்டி முடிக்கலாமாம், பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்து பின்னுவாராம். எட்டு அங்குலத்திலும் பன்னிரண்டு அங்குலத்திலும் செய்து தருவார். வேண்டுமானால் சாப்பாடு சொல்லும்போதே பெட்டிக்கும் சேர்த்துச் சொல்லி வைக்கவேண்டும்.